ஒராங்கி: சாக்கடையைத் தாங்களே போட்டுக்கொண்ட ஊர்

இன்னிக்கு நாம பேசப்போறது சாக்கடை பற்றி. சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க.

ஒரு ஏழைக் குடியிருப்புக்குத் தண்ணீர், கழிவுநீர்த் திட்டம் போடும்போது வழக்கமா என்ன நடக்கும்? ஆலோசனை நிறுவனம் ஒன்று வரும். மொத்த ஊருக்கும் மாஸ்டர் பிளான் போடும். அப்புறம் கடன், டெண்டர், காண்ட்ராக்டர். கடைசியில் குழாய் வரும், இல்லாட்டி வராது. பட்டா இல்லாத இடம்னா பெரும்பாலும் வராது, ஏன்னா அந்த இடம் அரசாங்க வரைபடத்திலேயே இருக்காது. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒரு திட்டத்தின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நடந்த இடம் கராச்சி.

கராச்சியின் வடமேற்கு ஓரத்தில் ஒராங்கி என்று ஒரு பகுதி. 1965 வாக்கில் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1971 போருக்குப் பிறகு, கிழக்குப் பாகிஸ்தான் பங்களாதேஷ் ஆனபோது, அங்கிருந்து உருது பேசும் அகதிகள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். புறம்போக்கு நிலத்தைத் தரகர்கள் துண்டு போட்டு விற்றார்கள். இப்படி உருவாகும் குடியிருப்புகளை அங்கே 'கச்சி ஆபாதி' என்பார்கள். பக்காவுக்கு எதிர்ச்சொல்லா கச்சான்னு சொல்றோமே, அதே கச்சாதான்.

வீட்டை அவர்களே கட்டிக்கொண்டார்கள். தெருவுக்குத் தெரு 'தல்லா' என்ற சின்னச் சின்னப் பட்டறைகள் இருந்தன. சிமென்ட் கல் அறுத்து விற்கும் இடம் அது. கல்லைக் கடனுக்கும் கொடுப்பார்கள், எப்படிக் கட்டுவது என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆகவே வீடு ஒருவழியாக எழும்பிவிடும். கழிவுநீர்தான் போக வழியில்லாமல் நின்றது. பெரும்பாலான வீடுகளில் எடுப்புக் கக்கூஸ். சில நாளுக்கு ஒருமுறை ஆள் வந்து அள்ளி, சந்திலேயோ பக்கத்து ஓடையிலேயோ கொட்டுவார். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் உறிஞ்சு குழி தோண்டினார்கள். அது சில வருஷத்தில் நிரம்பிவிடும். குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் சந்து நடுவே ஓடும். குழந்தைகள் விளையாடுவதும் அதே சந்தில்தான்.

1980-ல் அங்கே அக்தர் ஹமீத் கான் என்று ஒருவர் வந்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லணும். 1914-ல் ஆக்ராவில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியில் ஐ.சி.எஸ். அதிகாரி. வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்தவர். 1945-ல் வேலையை விட்டுவிட்டார். விட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா? அலிகர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இரண்டு வருஷம் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் இருந்தார். ஏழைகளுக்காக வேலை செய்வதற்கு முன்னால் ஏழையாக இருந்து பார்க்க நினைத்தார். பிறகு கிழக்கு வங்கத்தில் குமில்லாவில் அவர் நடத்திய கிராமக் கூட்டுறவுப் பணிக்காக 1963-ல் மகசேசே விருது கிடைத்தது. ஒராங்கிக்கு வரும்போது வயது 65-ஐ ஒட்டி.

அவரை அழைத்தவர் ஆகா ஹசன் அபேதி, பி.சி.சி.ஐ. வங்கியின் நிறுவனர். ஆமா, 1991-ல் உலகமே அதிர மோசடிப் புகாரில் மூடப்பட்டதே, அதே வங்கி. ஏழைகளின் சாக்கடைக்கு முதல் உதவி அங்கிருந்து வந்தது வரலாற்றின் குறும்புன்னுதான் சொல்லணும்.

கான் முதலில் எதையும் கட்டவில்லை. சந்து சந்தாக நடந்தார், ஜனங்களிடம் பேசினார். உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால், சாக்கடை என்றார்கள். யார் சரி பண்ணணும் என்று கேட்டால், அரசாங்கம் என்றார்கள், அதுவும் இலவசமாக. அரசு இலவசமாகச் செய்யாது என்பது விசாரித்ததில் தெரிந்தது. செலவை மக்கள் கட்டித்தான் ஆகணும். ஆனால் அரசுக் கணக்குப்படியான செலவு அவர்கள் கைக்கு எட்டாது.

இங்கேதான் கான் போட்ட கணக்கு வேறு. பொதுவாக, திட்டத்துக்கு இவ்வளவு செலவு, அதற்குப் பணம் எங்கே வாங்கலாம் என்று கேட்பார்கள். அவர் கேட்டது: இந்தக் குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும், அதற்குள் அடங்குகிற சாக்கடை எப்படி இருக்கும்? அதற்கு விடை தேட கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் உள்ளிட்டோர் சேர்ந்தார்கள். எங்கெல்லாம் பணம் கரைகிறது என்று பார்த்தார்கள். காண்ட்ராக்டர் லாபம், அதிகாரிகளின் கமிஷன் இரண்டும் போனாலே செலவு பாதாளத்துக்கு இறங்குகிறது. லாரி போகாத குறுகிய சந்துக்கு எதற்கு ஆழமான, பெரிய மேன்ஹோல்? அளவைக் குறைத்தார்கள். மேன்ஹோல் வார்ப்பதற்கு இரும்பு அச்சு செய்து, கேட்ட சந்துக்கெல்லாம் இரவல் கொடுத்தார்கள். கக்கூஸுக்கும் சந்துக் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்தார்கள். கெட்டியானது அதில் தங்கிவிடும், குழாய் அடைக்காது. கக்கூஸ், தொட்டி, சந்துக் குழாயில் தன் பங்கு எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்குச் சுமார் 1,000 ரூபாயில் முடிந்தது. அரசு மதிப்பீடு இதைவிடப் பல மடங்கு.

இன்னொரு முக்கியமான முடிவு, அலகு எது என்பது. ஒராங்கி முழுக்க ஒரு சங்கம் வைத்தால் அரசியல்வாதிகளும் தரகர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பல மொழி, பல இனம் கலந்த ஊர் வேற. ஆனால் ஒரே சந்தில் இருக்கும் 20, 30 வீட்டுக்காரர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும். யார் ஏமாற்றுவார், யாரிடம் பணம் கொடுத்து வைக்கலாம் என்பதும் தெரியும். அவர்களே ஒரு 'சந்து மேனேஜரை'த் தேர்ந்தெடுப்பார்கள். பணம் வசூலிப்பது, கொத்தனாரைப் பிடிப்பது, குழாய் வாங்குவது அவர் பொறுப்பு. திட்டத்துக்காரர்கள் அளந்து, வரைபடமும் மதிப்பீடும் கொடுப்பார்கள், கருவி கொடுப்பார்கள், வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். சந்தின் காசில் ஒரு பைசா தொட மாட்டார்கள்.

உடனே எல்லாம் அழகாக நடந்துவிடவில்லை. ஆரம்பத்தில் போட்ட குழாய்களில் ஜாயின்ட் சரியில்லை, சிமென்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றி க்யூரிங் செய்யவில்லை. இந்த வேலையில வாட்டம்தான் உயிர், அது தப்பினால் தண்ணீர் திரும்பி வீட்டுக்கே வரும். மேட்டுச் சந்துக்காரர்கள் குழாயைக் கீழ்ச் சந்தில் விட்டால் சண்டை. சண்டை முற்றியதும் இரண்டு சந்தும் சேர்ந்து பொதுக் குழாய் போடும், அது நாலு சந்தாகும். மேலிருந்து யாரும் போடாத திட்டம் கீழிருந்து இப்படிக் கோத்துக்கொண்டு வளர்ந்தது. 2000-களில் 6,000-க்கும் மேற்பட்ட சந்துகளில், 90,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சாக்கடை இருந்தது. வேலை நடந்த பகுதிகளில், 1983-ல் ஆயிரம் பிறப்புக்கு 130 ஆக இருந்த சிசு மரணம் 1993-ல் 37 ஆகக் குறைந்தது என்கிறது திட்டத்தின் கணக்கு. இதில் தடுப்பூசிக்கும் பங்கு உண்டு, முழுப் புகழையும் குழாய்க்குக் கொடுத்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பணக்காரர்கள் பகுதியில் யாரும் சந்து மேனேஜர் வைத்து வசூல் பண்ணிக் குழாய் போடுவதில்லை. ஏழைகள் மட்டும் ஏன் தாங்களே போடணும்? கானின் பதில் பிரிவினைதான்: கக்கூஸும் சந்துக் குழாயும் அக்கம்பக்கத்துப் பொதுக் குழாயும் மக்கள் பொறுப்பு, பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. மக்கள் தங்கள் பாதியை முடித்தார்கள். அரசின் பாதி நீண்ட காலம் வரவேயில்லை. சந்திலிருந்து போன கழிவுநீர் ஓடையில் விழுந்து, சுத்திகரிக்கப்படாமலே கடலுக்குப் போனது.

அரசை அதன் பாதிக்கு இழுக்க அவர்களிடம் இருந்த கருவி வரைபடம். மாணவர்களையும் உள்ளூர் இளைஞர்களையும் வைத்து, எந்தச் சந்தில் குழாய் இருக்கிறது, எந்த ஓடைக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக வரைந்தார்கள். ஒராங்கியோடு நிற்காமல் கராச்சியின் மற்ற குடியிருப்புகளையும் வரைந்தார்கள். நகரின் இன்னொரு மூலையில் கோரங்கி என்ற இடத்துக்கு, ஆசிய வளர்ச்சி வங்கியின் 7 கோடி டாலர் கடனோடு, சுமார் 10 கோடி டாலரில் கழிவுநீர்த் திட்டம் ஒன்று தயாரானது. மக்களும் கவுன்சிலர்களும் ஏற்கெனவே போட்டிருந்த குழாய்களை அந்தத் திட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. வரைபடத்தை மேசைமேல் விரித்து, இருப்பதையே ஓடையோடு இணைத்தால் மிகக் குறைந்த செலவில் முடியும் என்று காட்டினார்கள். 1999-ல் அந்தக் கடன் ரத்தானது. அதே வருஷம் அக்டோபரில் கான் இறந்தார்.

இந்த வரைபட வேலையை முன்னின்று நடத்தியவர் பர்வீன் ரஹ்மான். 1957-ல் டாக்காவில் பிறந்து, 1971-க்குப் பிறகு குடும்பத்தோடு கராச்சிக்கு வந்தவர். கட்டடக்கலை படித்து, தனியார் நிறுவன வேலையை விட்டுவிட்டு, 1983-ல் ஒராங்கிக்கு வந்தார். எல்லோருக்கும் அவர் 'பர்வீன் ஆபா', அதாவது அக்கா. கான் காலத்துக்குப் பிறகு அவருடைய கவனம் இரண்டு பக்கம் போனது. ஒன்று, கராச்சியின் ஓரத்தில் இருந்த பழைய கிராமங்கள். அவற்றை ஆவணப்படுத்தினால் அங்கிருப்பவர்கள் பட்டா கேட்கலாம்; நில அபகரிப்புக் கும்பல் கை வைக்க முடியாது. இன்னொன்று, குடிநீர் பெருங்குழாயை உடைத்துத் தண்ணீரைத் திருடி, லாரியில் ஏற்றி, குழாய் வராத ஏழைகளுக்கே விற்கும் வியாபாரம். எந்த இடத்தில் திருடுகிறார்கள் என்பதும் வரைபடத்தில் ஏறியது.

சாக்கடை எங்கே போகிறது என்று வரையும் வரை யாருக்கும் கோபமில்லை. நிலமும் தண்ணீரும் எங்கே போகிறது என்று வரைந்தபோது மிரட்டல்கள் வந்தன. 2013 மார்ச் 13-ம் தேதி மாலை, அலுவலகத்திலிருந்து காரில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

மறுநாளே, கொன்றவன் என்கவுன்டரில் செத்துவிட்டான் என்று போலீஸ் சொன்னது. பிறகு உச்ச நீதிமன்றம் நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது. போலீஸ் விசாரணை திசைதிருப்பப்பட்டது என்று அதில் தெரியவந்தது. 2021 டிசம்பரில் பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் நாலு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2022 நவம்பரில் சிந்து உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.