கைப்பேசியில் வந்த கலவரம்

பெங்களூரில் 1809ஆம் ஆண்டு தண்டு அமைந்தது முதலாக, படையோடும் தொழிலோடும் வந்த தமிழர் அதன் சுற்றுப்புறங்களில் குடியேறி வந்துள்ளனர். நாம் வாழும் லிங்கராஜபுரம் அதற்கு வடகிழக்கே உள்ளது. இங்குள்ளோர் எளிதில் மறவாத நாள் 2016 செப்டம்பர் 12.

அன்று உச்ச நீதிமன்றம் காவிரி குறித்த தன் ஆணையைத் திருத்தியது. கருநாடகம் பத்து நாள்களுக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் நீர் விடவேண்டும் என்பது செப்டம்பர் 5ஆம் தேதி ஆணை. திருத்தமோ அதனை 12,000 கன அடியாகக் குறைத்து, காலத்தை 20ஆம் தேதிவரை நீட்டியது. வீதம் குறைந்தது, விடவேண்டிய மொத்த நீர் கூடியது. அரசாணைகளை மொழிபெயர்த்தே பிழைக்கும் நம் போன்றோர்க்கும் காகிதத்தில் கணக்கிட்டாலன்றி விளங்காத செய்தி இது.

ஆனால் மக்கள் கையிலிருந்தது அவ்வாணையன்று. கன்னட நடிகரை எள்ளி முகநூலில் எழுதிய தமிழ் மாணவர் ஒருவர் பெங்களூரில் தாக்கப்பட்ட காட்சி முன்னரே பரவியிருந்தது. அன்று சென்னையில் கருநாடகத்தார் விடுதியும், இராமேசுவரத்தில் கருநாடகப் பயணிகளின் வண்டிகளும் தாக்கப்பட்ட காட்சிகள் வந்து சேர்ந்தன. பிற்பகலில் நகரின் மேற்குப்புறம் எரிந்தது. ஒரே நிறுத்துமிடத்தில் 40க்கும் மேற்பட்ட பேருந்துகள் சாம்பலாயின. காவலர் சுட்டதில் ஒருவர் மாண்டார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறந்தது.

இதற்கு நான்காண்டு முன்னர், 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தார் ஆயிரக்கணக்கில் இந்நகரை விட்டுக் குவஹாத்திக்கு ரயிலேறினர். அப்போது நாட்டில் உலவிய படங்களுள் ஒன்று, 2010இல் திபெத்தியர் வாழும் பகுதியில் நேர்ந்த பூகம்பத்தில் மாண்டோரைக் காட்டியது. அதனைப் பர்மியப் படுகொலை என்று பரப்பினர். அது பொய், மறுக்க இயன்றது. மத்திய அரசும் மொத்தக் குறுஞ்செய்திகளுக்குப் பதினைந்து நாள் தடை விதித்தது. 2016இன் காட்சிகளோ மெய்யானவை. ஆகவே எவரும் மறுக்க இயலவில்லை. நாலைந்து பேர் கை ஓங்கியது மெய்யே. கோடிக்கணக்கானோர் அன்று தத்தம் வேலையைப் பார்த்ததும் மெய்யே. பின்னதைப் படமெடுப்பார் எவருமில்லை.

பழி முழுதும் கருவியைச் சேராது. 1991 டிசம்பரில், கைப்பேசியே இல்லாத காலத்தில், இதே காவிரிக்காக இந்நகரில் இதனினும் கொடிய கலவரம் மூண்டது. ஆயினும் வாய்வழி வந்த வதந்தியை, "யார் சொன்னது?" என்று கேட்க ஓர் ஆளேனும் எதிரில் நின்றான்.

ஊரடங்கு 14ஆம் தேதி விலகியது. வழக்கின் இறுதித் தீர்ப்பு 2018 பிப்ரவரி 16இல் வந்தது. அது 465 பக்கம்.