வெட்டினால்தான் விலை

பிரேசில் மரமும் பொன் சிங்கத் தாமரின் என்னும் சின்னஞ்சிறு குரங்கும் (நம் சிங்கவால் குரங்கு வேறு) பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காட்டைச் சேர்ந்தவை. இரண்டும் அருகியதற்குக் காடழிப்பே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது போதாது. 1970களின் தொடக்கத்தில் சுமார் 200ஆகக் குறைந்த குரங்கு, 2023 கணக்கெடுப்பில் 4,800ஐ ஒட்டி வந்துவிட்டது. மரம் இன்னும் தேறவில்லை. குரங்குக்கு உயிரோடு இருந்தால் மதிப்பு, மரத்துக்கு வெட்டினால்தான் விலை. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

1500இல் போர்த்துகீசியர் கரையிறங்கும்வரை ஐரோப்பா, பிரேசில் மரமும் தரும் சிவப்புச் சாயத்தை நம் பக்கத்துப் பதிமுகக் கட்டையிலிருந்தே எடுத்துவந்தது. பிரேசில் மரத்தின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், அதே சாயம் இருந்தது: வெட்டிய கையோடு ஆரஞ்சாக இருந்து, காற்றுப் படப்படச் சிவக்கும். கரையோரப் பழங்குடிகளான துப்பி மக்கள் வெட்டிக் கரைக்குச் சுமந்துவந்த கட்டைகளுக்குக் கோடரியும் கத்தியும் கைமாறின. உரிமமின்றி வெட்டினால் மரண தண்டனைவரை உண்டு என்றது போர்த்துகீசிய மன்னரின் 1605ஆம் ஆண்டு அரசாணை. அதை வனப் பாதுகாப்பின் தொடக்கம் என்று புகழ்வோர் உண்டு. மரம் மீண்டும் துளிர்க்கும்படி வெட்டச் சொன்னது உண்மைதான். ஆனால் காக்கப்பட்டது மன்னரின் சரக்கு. 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயம் வந்தபோதாவது மரம் பிழைத்திருக்கலாம். அதற்குள் பாரிஸின் பிரான்சுவா தூர்த் வடிவமைத்த நவீன வயலின் வில் இம்மரத்தைப் பிடித்துக்கொண்டது. சுமார் 60 கிராம் எடையுள்ள வில்லுக்காகக் கட்டையின் பெரும்பகுதி சீவலாகிப் போகிறது. 1978இல் தேசிய மரம் என்ற பட்டம் கிடைத்தது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு வந்ததோ 2007இல்தான்.

தாமரினும் விற்கப்பட்ட விலங்குதானே என்று கேட்கலாம். ஆம், செல்லப் பிராணியாக, உயிரோடு. அதனால்தான் உயிரியல் பூங்காக்களில் பிறந்த குட்டிகளை 1984 முதல் காட்டுக்கே திருப்பி அனுப்ப முடிந்தது. மஞ்சள் காய்ச்சலால் 3,700லிருந்து 2,500ஆகச் சரிந்த எண்ணிக்கைகூடச் சில ஆண்டுகளிலேயே மீண்டது. குரங்குக்காகக் காட்டைக் காத்தால் மரமும் தானே பிழைக்கும் என்பது பாதி உண்மை. மரம் வடக்கே குரங்கே இல்லாத மாநிலங்கள்வரை பரவியது; அதன் முள்காய் தானே வெடித்து விதையைச் சிதறடிக்கும், குரங்கின் தயவு அதற்கு வேண்டியதில்லை. வில் செய்வோரே கன்று நடுகிறார்கள் என்பது வலுவான மறுப்பு. அந்த முயற்சி மெய்யானது. ஆனால் கன்றில் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை வில்லுக்குக் கட்டை வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். செய்து முடித்த வில்லைக் கண்ணால் பார்த்து, இது நட்ட மரமா காட்டு மரமா என்று சொல்லவும் வழியில்லை.