சங்கிலியும் மீற்றரும்: பழைய காணி உறுதிகளை வாசித்தல்

மாவடிப்பள்ளி முதல் கல்முனை வரை வளவுகள் பங்குபங்காகச் சுருங்கி, ஓரடி நிலமும் பெறுமதி மிக்கதாகிவிட்டது. எனவே பாட்டன் காலத்து உறுதிகளிலுள்ள அளவுகளை மீற்றருக்கு மாற்றும் முறையை நாம் அனைவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் பிரித்தானியர் ஆட்சியில் 1800 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அக்கால அளவையாளர்கள் கையாண்ட சங்கிலி, எட்மண்ட் கண்டர் எனும் ஆங்கிலக் கணித அறிஞர் 1620 இல் வகுத்ததாகும். அதன் நீளம் 66 அடி, அதாவது 20.1168 மீற்றர். ஒரு சங்கிலிக்கு 100 லிங்ஸ். ஒரு லிங்ஸ் 20.12 சென்ரிமீற்றர்.

பரப்பளவில், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராகும். ஓர் ஏக்கர் 4 றூட். ஒரு றூட் 40 பேர்ச்சஸ். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ 2.47 ஏக்கராகும்.

லிங்ஸை அடியென எண்ணிவிடுவதே ஆபத்தானது. 250 லிங்ஸ் எல்லை 50.29 மீற்றர், 250 அடியோ 76.2 மீற்றர். இவ்வாறு தவறாக வாசித்தால் அயலவர் காணிக்குள் ஏறத்தாழ 26 மீற்றர் புகுந்துவிடுவோம். வேலி போடுமுன் உறுதியையும் வரைபடத்தையும் அனுமதி பெற்ற நில அளவையாளரிடம் காட்டி உறுதி செய்துகொண்டால், வழக்கும் மனக்கசப்பும் நம்மை அணுகா.