வாங்கிய கையும் வழங்கும் கையும்



யூபிலி மலர் என்றால் அதில் கோயில் எழும்பிய கதை இருக்கும். பணியாற்றிச் சென்ற பங்குத் தந்தையரின் வரிசை இருக்கும். பழைய திருவிழாக்களின் நினைவுகள் இருக்கும். அவை இருக்க வேண்டியவையே. ஆனால் ஒரு பங்கின் வரலாற்றில் எளிதில் மறந்துபோகும் பக்கம் ஒன்று உண்டு. கோயிலுக்குள் வந்த காணிக்கையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கோயிலிலிருந்து வெளியே சென்ற காணிக்கையை யார் நினைக்கிறார்கள்?

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிறன்று மறைபரப்பு ஞாயிறு கொண்டாடுகிறோம். நம் பெரியவர்களுக்கு அது வேதபோதக ஞாயிறு. அன்று எடுக்கும் காணிக்கை நம் பங்கில் தங்குவதில்லை. தவக்காலத்தில் வீட்டு உண்டியலில் சேர்க்கும் காசும் தங்குவதில்லை. புயல், வெள்ளம் என்று செய்தி வந்தால் எடுக்கப்படும் தனிக் காணிக்கையும் அப்படியே. அந்த வேளைகளில் எந்தப் பங்கிலும் ஒரு குரல் எழுவதுண்டு: "நம்ம கோயில் கூரையே ஒழுகுது சாமி, வெளியூருக்கு எதுக்கு அனுப்பணும்?"

இது கெட்ட மனத்தில் பிறந்த கேள்வியன்று. குடும்பத்தை நடத்துகிறவன் கேட்கும் நியாயமான கேள்வி. அதற்குத் திருச்சபையின் வரலாறே மறுமொழி சொல்கிறது.

அந்தியோக்கியா காட்டிய வழி

முதலாம் நூற்றாண்டு. கிலௌதியு பேரரசன் ஆண்ட காலம். அந்தியோக்கியா நகரத்தில் இருந்த சபை அப்போதுதான் பிறந்த குழந்தை. யெருசலேமிலிருந்து சிதறிப் போனவர்கள் சொன்ன நற்செய்தியால் உண்டான சபை அது. சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியதும் அங்கேதான். பெரும் பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்னும் இறைவாக்கினர் அங்கு வந்து அறிவித்தார். உடனே அந்தச் சபையார் என்ன செய்தார்கள்? தங்கள் களஞ்சியத்தைப் பூட்டிக்கொள்ளவில்லை. அவரவர் வசதிக்கு ஏற்றபடி பணம் சேர்த்து, யூதேயாவில் வாழ்ந்த சகோதரர்களுக்கு அனுப்பினார்கள். கொண்டு சென்றவர்கள் இருவர்: பர்னபாவும் சவுலும். இந்தச் சவுல்தான் நமது புனித சின்னப்பர்.

அப்போஸ்தலர் பணி நூலில் இன்னும் சிறிது தூரம் வாசித்தால் அதே இருவரை மீண்டும் காண்கிறோம். அதே அந்தியோக்கியா சபை நோன்பிருந்து, செபித்து, அவர்கள் தலைமேல் கைகளை வைத்து, நற்செய்தி அறிவிக்க அனுப்பியது. பசித்தவனுக்கு உணவு கொண்டுபோன கால்களே நற்செய்தி அறியாதவனைத் தேடியும் நடந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தியோக்கியா பிள்ளைச் சபை. யெருசலேம் தாய்ச் சபை. தாய்க்குப் பசி என்று கேட்டதும் பிள்ளை கொடுத்தது. பிற்காலத்தில் யெருசலேமின் ஏழைகளுக்காகச் சின்னப்பர் பெரிய நிதி திரட்டியபோது, உரோமையருக்கு இதையே எழுதினார்: ஞான நன்மையைப் பெற்றுக்கொண்டவர்கள் உலக நன்மையால் உதவக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. அந்த நிதிக்குக் கொடுத்த மக்கதோனியச் சபைகள் வறுமையில் வாடியவை. பணத்தைப் பற்றி ஒருவரும் குறை சொல்லாதபடி, சபைகள் தேர்ந்தெடுத்த நம்பிக்கையானவர்களைச் சின்னப்பர் உடன் அனுப்பினார். கணக்கில் நேர்மை என்பது அன்று தொட்டு வந்த ஒழுங்கு.

ஒரு செம்புக்காசு

இனிப் பதினெட்டு நூற்றாண்டுகளைத் தாண்டுவோம். பிரான்சு நாட்டின் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கே பட்டு வணிகர் ஒருவரின் மகளாக 1799-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. நகையும் உடையுமாக வாழ்ந்த பெண். பதினேழாம் வயதில் தம் பங்குக் கோயிலாகிய புனித நிசியேர் ஆலயத்தில் கேட்ட ஒரு பிரசங்கம் அவர் மனத்தை மாற்றியது. ஆடம்பரத்தைக் கைவிட்டு, தொழிலாளப் பெண்களைப் போல எளிய உடை உடுத்தத் தொடங்கினார்.

பாரீசில் குருத்துவப் படிப்பிலிருந்த அவருடைய அண்ணன் பிலேயாஸ், ஆசிய நாடுகளில் வேதபோதகர்கள் பணமின்றித் தவிப்பதைக் கடிதங்களில் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சி கோயில்களைச் சூறையாடிவிட்டுப் போயிருந்த காலம் அது. பெரிய கொடையாளர்கள் எங்கே கிடைப்பார்கள்? பவுலின் பெரியவர்களைத் தேடவில்லை. பட்டாலையில் வேலை செய்த பெண்களிடம் போனார். வாரத்துக்கு ஒரு 'சூ' கேட்டார். சூ என்பது ஒரு பிராங்கில் இருபதில் ஒரு பங்கான சிறு செம்புக்காசு.

அவர் வகுத்த முறை எவருக்கும் விளங்கக்கூடியது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு. அதற்கு ஒரு தலைவர். பத்துக் குழுத் தலைவர்களுக்கு மேல் ஒருவர். அப்போது நூறு பேர். அப்படிப் பத்து நூறுகளுக்கு மேல் ஒருவர், ஆயிரம் பேர். காசோடு செபமும் சேர்ந்தது. வாரந்தோறும் ஒரு காசு என்பதால் ஏழையும் சுமையென்று கருதவில்லை; பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு என்பதால் ஒரு காசும் தவறவில்லை.

1822-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் லியோன் நகரில் விசுவாசப் பரப்புதல் சபை முறைப்படி நிறுவப்பட்டது. அமெரிக்காவின் லூயிசியானாவுக்கு மட்டும் உதவ ஒரு சங்கம் அமைக்கலாமா என்ற பேச்சே முதலில் எழுந்தது. கூடியவர்கள் அதை விரிவாக்கி, உலகத்தின் எல்லா வேதபோதக நாடுகளுக்கும் என்று முடிவு செய்தார்கள். வந்த பணத்தில் ஒரு பங்கு கீழ்த்திசை நாடுகளில் பணிபுரிந்த பாரீஸ் வேதபோதக சபைக்குச் சென்றது. 1776 முதல் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ் மண்ணில் உழைத்த சபை அதுதான். 1838-இல் மதுரை மிஷனுக்கு மீண்டும் வந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களுக்கும் விசுவாசப் பரப்புதல் சபையின் உதவி கிடைத்தது. அவர்களுள் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இளவயதிலேயே பலியானார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு பலர் வந்தார்கள். நம் முன்னோர் முழங்காலிட்ட பழைய கோயில்களின் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும், பெயர் தெரியாத பட்டாலைப் பெண்களின் செம்புக்காசு கலந்திருக்கிறது.

விதைத்தவர் நிலை

பவுலினின் பிற்கால வாழ்வு கண்ணீர்க் கதை. தொழிலாளக் குடும்பங்கள் மானத்தோடு வாழ ஓர் ஊரையே அமைக்க எண்ணி, 1845-இல் ருஸ்திரெல் என்னும் இடத்தில் இரும்பாலை ஒன்றை வாங்கினார். நம்பியவர்கள் மோசம் செய்தார்கள். ஆலை மூழ்கியது. பணம் போட்டிருந்தவர்களில் ஏழைகள் அநேகர். அவர்கள் கடனை அடைப்பதற்காக வாசல் வாசலாக இரந்தார். அவர் வித்திட்ட சபையிடமும் அவருக்கு உதவி கிடைக்கவில்லை. ஏழைகளின் பட்டியலில் அவர் பெயர் பதியப்பட்டது. 1862 ஜனவரி 9-ஆம் நாள் வறுமையிலேயே உயிர் நீத்தார்.

ஆனால் விதை சாகவில்லை. பவுலினிடம் கலந்து பேசிய நான்சி ஆயர் ஃபோர்பின் ஜான்சன், 1843-இல் சிறுவர்களுக்கென்று திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். நாளுக்கு ஒரு செபம், மாதத்துக்கு ஒரு காசு என்பது அதன் ஒழுங்கு. 1889-இல் ழான் பிகார் என்னும் பெண்ணும் அவருடைய தாயாரும், வேதபோதக நாடுகளில் உள்நாட்டுக் குருக்கள் உருவாகப் புனித இராயப்பர் சபையைத் தொடங்கினார்கள். ஜப்பானிலிருந்து நாகசாகி ஆயர் எழுதிய ஒரு கடிதம் அவர்களை அசைத்தது. 1922-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் இம்மூன்று சபைகளையும் பாப்பிறைச் சபைகளாக உயர்த்தினார். 1926-இல் மறைபரப்பு ஞாயிறையும் அவரே ஏற்படுத்தினார். பவுலின் ஜாரிக்கோ 2022 மே 22-ஆம் நாள் லியோன் நகரில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அவர் இறந்து 160 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பஞ்சமும் பழிச்சொல்லும்

நற்செய்திப் பணிக்குக் கொடுப்பது ஒன்று; பசிக்குக் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே அன்பின் இரு கைகள். ஆயினும் ஒரு கையின் வேலையை மற்றதன் வேலையோடு குழப்பக் கூடாது என்பதையும் வரலாறு கற்பித்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டன்மார் கதை கதையாய்ச் சொல்லியிருக்கிறார்கள். மாண்டவர்கள் பல லட்சம். வேதபோதகர்கள் கஞ்சி ஊற்றினார்கள். அனாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். அக்காலத்தில் திருமுழுக்குப் பெற்றவர் பலர். அவர்களை "அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்று பழித்தவர்களும் இருந்தார்கள். தங்களை மனிதராக மதித்த கையை அந்த ஏழைகள் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனாலும் அந்தப் பழிச்சொல் நமக்கு ஒரு பாடம். சோற்றுக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்பது சோற்றையும் கெடுக்கும், விசுவாசத்தையும் கெடுக்கும்.

இந்தத் தெளிவு ஜெர்மானிய நாட்டில் நல்ல வடிவம் பெற்றது. இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது அந்நாடு இடிபாடாய்க் கிடந்தது. பிற நாட்டுக் கத்தோலிக்கர் அனுப்பிய உணவும் உடையும் அங்குள்ளவர்களைத் தாங்கின. பதின்மூன்றே ஆண்டுகளில், 1958-இல், கொலோன் நகரக் கர்தினால் ஃபிரிங்ஸ் சொன்ன யோசனையின்படி ஜெர்மானிய ஆயர்கள் 'மிசெரியோர்' நிதியை ஏற்படுத்தினார்கள். உலகில் பசியையும் பிணியையும் எதிர்க்கத் தவக்காலத்தில் திரட்டும் காணிக்கை அது. சாதி, சமயம் பாராமல் தேவையை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும். இது மறைபரப்பு நிதியாகக் கூடாது என்று அவர் தெளிவாக வகுத்தார். வாங்கிய கை எவ்வளவு விரைவில் வழங்கும் கையாயிற்று பாருங்கள்!

நம் நாட்டில் காரித்தாஸ் இந்தியா 1962-இல் தோன்றியது. நான்கே ஆண்டுகளில், 1966-67-இல், பீகார்ப் பஞ்சம் அதற்குப் பெரிய சோதனையாக வந்தது. நம் பங்குகளில் நடக்கும் தவக்கால இயக்கம் இன்றும் அதன் வழியாகவே பசியையும் பிணியையும் எதிர்க்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். கடல் பொங்கி எழுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருயாத்திரிகர்களும் அவர்களுள் அடங்குவர். அப்போது உள்நாட்டுப் பங்குகளிலிருந்து அரிசியும் பாயும் போர்வையும் போயின. உலகெங்கும் இருந்த கோயில்களின் காணிக்கை நம் கடற்கரைக்கு வந்து வீடாகவும் படகாகவும் மாறியது. முகம் தெரியாதவர்களின் காசு நம் மக்களின் கண்ணீரைத் துடைத்தது. அவர்களுடைய கோயில் கூரைகளும் எங்கோ ஒழுகிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

நம் கடமை

இதுவரை சொன்னதிலிருந்து தெரிவது என்ன? நாம் பிறருக்கு அனுப்புவது தருமமன்று. பழைய கடனின் ஒரு தவணை. லியோன் நகரத்துப் பெண்களுக்கு அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர்களும் அதைக் கேட்கவில்லை. அடுத்தவனுக்குக் கொடுப்பதே அதைத் தீர்க்கும் வழி. இன்று தமிழகத்துக் குருக்களும் கன்னியரும் வட இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும், நமக்குப் போதகர்களை அனுப்பிய ஐரோப்பாவிலுங்கூடப் பணிபுரிகிறார்கள். ஆள் கொடுத்த நாம் காசு கொடுக்கத் தயங்கலாமா?

யூபிலிக்காகக் கொடியும் பந்தலும் மின்விளக்கும் வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய உடன்படிக்கையில் யூபிலி ஆண்டு என்பது அடிமைக்கு விடுதலையும், நிலம் இழந்தவனுக்கு நிலமும் கிடைத்த ஆண்டு. ஆகவே இவ்விழாவின் நினைவாக மூன்று காரியங்கள் செய்யலாம் என்பது அடியேனின் தாழ்மையான விண்ணப்பம். முதலாவது, விழாச் செலவில் பத்தில் ஒரு பாகத்தை நம் பங்கின் எல்லைக்கு அப்பால் அனுப்புவோம். இரண்டாவது, அன்பியந்தோறும் பத்துக் குடும்பங்களுக்கு ஒருவர் பொறுப்பேற்று, வாரந்தோறும் சிறு காசு சேர்ப்போம். மூன்றாவது, சேர்ந்தது எவ்வளவு, போனது எங்கே என்று ஆண்டுக்கு ஒருமுறை கோயில் வாசலில் கணக்கு எழுதி வைப்போம்.

கூரை ஒழுகுகிறதே என்று கேட்பவருக்கும் ஒரு சொல். கூரையைச் சரி செய்வோம். அது நம் கடமை. ஆனால் கூரை முழுவதும் சரியான பிறகுதான் பிறருக்குக் கொடுப்போம் என்று லியோன் நகரத்தார் காத்திருந்தால், ஒழுகுவதற்கு நமக்கு ஒரு கூரையே இருந்திராது.

இன்னுமொரு யூபிலி வரும். அப்போது மலர் எழுத உட்காரும் நம் பேரப்பிள்ளைகள், இந்தப் பங்கு கட்டியதை மட்டுமன்றி, கொடுத்ததையும் எழுதும்படி வாழ இறைவன் அருள் புரிவாராக.