தோன்றா எழுவாய்: வாசிங்டன் நகரத்து ‘மைனர் திரெட்’ பாட்டுக்குழு (1980–1983)

முன்னுரை

ஓர் இயக்கத்தின் வலிமையை அது நின்று நிலவிய ஆண்டுகளைக் கொண்டு அளத்தல் வரலாற்றாசிரியர் பலர்க்கும் வழக்கம். அவ்வளவுகோல் எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகராகிய வாசிங்டனில் 1980ஆம் ஆண்டில் தோன்றி 1983ஆம் ஆண்டில் மறைந்த ‘மைனர் திரெட்’ என்னும் பாட்டுக்குழு இதற்குச் சான்றாகும். அக்குழுவினர் பதிவு செய்து வெளியிட்ட பாடல்கள் அனைத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். ஆயினும், அவற்றுள் 46 நொடியே ஒலிக்கும் ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்னும் பாடலின் பெயரே, மது, புகை, போதைப்பொருள் ஆகியவற்றை விலக்கி வாழ்வோரின் இயக்கப் பெயராக உலகின் பல பகுதிகளிலும் பரவியது. ஒருவர் தம்மைப் பற்றிக் கூறிய கூற்று, பிறர்க்கு விதியாக மாறியது எங்ஙனம்? அம்மாற்றத்துக்குக் காரணம் பாடலா, கேட்டவரா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

களமும் காலமும்

1970களின் இடைப்பகுதியில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் எழுந்த பங்க் இசை, அப்பத்தாண்டின் இறுதியில் கலிபோர்னியாவிலும் வாசிங்டனிலும் மேலும் விரைவும் சுருக்கமும் கடுமையும் பெற்று ‘ஹார்ட்கோர்’ எனப் பெயர் கொண்டது. வாசிங்டனில் இதற்கு வழிகாட்டியாக நின்றோர் ‘பேட் பிரெயின்ஸ்’ என்னும் கறுப்பினக் கலைஞர் குழுவினர். முன்னர் ஜாஸ் கலந்த இசையில் பயின்ற அவர்தம் கைத்திறனும் வேகமும் நகரத்து இளைஞரைப் பெரிதும் ஈர்த்தன.

அவ்விளைஞருள், வில்சன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் ஆகிய இருவர் ‘டீன் ஐடில்ஸ்’ என்னும் குழுவில் இருந்தனர். 1980இல் அக்குழுவினர் கலிபோர்னியாவுக்குச் சென்றபோது, சான்பிரான்சிஸ்கோ நகரத்து அரங்கொன்றில் வயது நிரம்பாத அவர்தம் கைகளில் பெருக்கற்குறி வடிவான அடையாளம் இடப்பட்டது. இவர்க்கு மது வழங்கலாகாது என்பதே அதன் பொருள். அவ்வழக்கத்தை அவர்கள் வாசிங்டனுக்குக் கொணர்ந்தனர். மது விற்பனையால் வருவாய் பெறும் அரங்குகள் இளையோரை வாயிலிலேயே தடுத்து வந்தன. எனவே அக்குறி தோன்றிய காலத்து நோன்பின் சின்னமாக இருந்ததில்லை. இசை கேட்க உட்புகுவதற்கான உரிமைச் சீட்டாகவே இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத் தக்கது. பிற்காலத்தில் அதுவே பெருமைக்குரிய சின்னமாயிற்று.

குழுவும் வெளியீட்டகமும்

டீன் ஐடில்ஸ் 1980இல் கலைந்தபோது அவர்களிடம் ஏறத்தாழ 600 டாலர் சேர்ந்திருந்தது. அதனைப் பங்கிட்டுக் கொள்ளாது, தம் பாடல்களை இசைத்தட்டாக வெளியிடச் செலவிட்டனர். ‘டிஸ்கார்ட்’ என்னும் வெளியீட்டகம் இவ்வாறு தோன்றியது. முதலில் 1000 படிகள் அச்சாயின. தட்டுகளின் உறைகளை இளைஞரே கையால் வெட்டி, மடித்து, ஒட்டினர். பதிவுகள் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில் டான் சியென்டாரா தம் இல்லத்தில் அமைத்திருந்த ‘இன்னர் இயர்’ பதிவகத்தில் நிகழ்ந்தன. வாசிங்டன் வட்டாரக் குழுக்களின் படைப்புகளையே குறைந்த விலையில் வெளியிடுதல் அவ்வகத்தின் கொள்கை. ஆதலின், அதன் வெளியீடுகளை ஒரு நகரத்து இளைஞர் தாமே தொகுத்துக்கொண்ட தொகைநூல் எனலாம்.

மெக்கே பாடவும், நெல்சன் முரசு முழக்கவும், லைல் பிரெஸ்லர் கிட்டாரும் பிரையன் பேக்கர் பேஸ் கிட்டாரும் இசைக்கவும் மைனர் திரெட் உருவாயிற்று. ‘மைனர்’ என்னும் சொல் ‘சிறிய’ என்றும் ‘வயது நிரம்பாதவர்’ என்றும் இருபொருள் தந்து, ‘திரெட்’ என்னும் அச்சுறுத்தலோடு இயைந்து நிற்பது நயமுடையது. 1981இல் இரண்டு சிறு தட்டுகள் வெளிவந்தன. பிரெஸ்லர் கல்லூரிக்குச் சென்றமையால் குழு சிலகாலம் கலைந்து, 1982இல் மீண்டும் கூடிற்று. ஸ்டீவ் ஹான்ஸ்கன் அப்போது சேர்ந்தார். 1983இல் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. செல்ல வேண்டிய திசை பற்றி உறுப்பினரிடையே எழுந்த கருத்து வேறுபாடே முடிவுக்குக் காரணமாயிற்று.

பாடமும் பொருளும்

‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்னும் பாடல் முதற்கண் 1981இலும், மீண்டும் 1983இலும் பதிவாயிற்று. இவ்விரு பாடங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஆராய்ச்சியாளர்க்குப் பெரிதும் பயன்படுவது. ஆங்கிலத்தில் எதிர்மறை ஏவல்வினையும், எழுவாய் மறைந்து நிற்கும் தன்மை எதிர்மறை வினையும் வடிவால் ஒன்றாதல் உண்டு. தமிழில் ‘உண்ணேன்’ என்பதும் ‘உண்ணாதே’ என்பதும் விகுதியால் வேறுபடுவன. ஐயம் எழ இடமில்லை. அப்பாடலின் முதலடிகளிலோ ‘நான்’ என்னும் எழுவாய் பாடப்படாது மறைந்து நின்றது. எனவே கேட்டோர் அதனை ஏவலாகக் கொள்ள இடமாயிற்று. பின்வரும் அடியில் தன்மைப்பெயர் வெளிப்பட்டு நிற்றலின், அது தன்கூற்றே என்பதற்கு அகச்சான்று உண்டு. ஆயினும் அது போதவில்லை. கட்டளையாகக் கொள்ளப்படும் என்று நெல்சனே எதிர்ப்புத் தெரிவித்தார். அச்சிட்ட பாடல் தாளில் அவ்வெழுவாய் பிறைக்குறிக்குள் இடம்பெற்றது. 1983ஆம் ஆண்டுப் பதிவின் இடையே, இது பிறர்க்கு வகுத்த விதியன்று என்னும் கருத்துப்பட மெக்கே பேசும் பகுதி சேர்க்கப்பட்டது. மூலத்துக்கு ஆசிரியரே உரை எழுதிச் செருகிய நிலை இது.

அவ்வுரை பயன் தந்ததா எனின், சிறிதளவே தந்தது எனல் வேண்டும். பிற நகரங்களில் சிலர் கூற்றை விட்டு ஏவலையே கைக்கொண்டனர். 1990களில் சால்ட் லேக் நகரில் இயக்கத்தின் பெயரால் வன்முறையும் நிகழ்ந்தது.

இதற்குக் கேட்டவரை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. இலக்கணம் தன்கூற்றாயினும், முழங்கிய குரலின் தொனி ஏவலே ஆகும். சுருக்கத்தின் இடர்ப்பாட்டைப் பிறிதொரு பாடலும் காட்டுகின்றது. கறுப்பின மாணவர் மிகுந்த பள்ளியில் வெள்ளையராய்ப் பயின்ற பட்டறிவைக் கொண்டு, ‘கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்’ என்னும் பாடலை மெக்கே இயற்றினார். இனவெறியை மறுப்பதே தம் கருத்து என அவர் விளக்கினார். எனினும், 1980இல் மக்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கறுப்பினத்தவராக வாழ்ந்த அந்நகரில், நூற்றாண்டுகளின் அடிமை வரலாற்றை ஒன்றரை நிமிடத்துக்கும் குறைந்த பாடல் தாங்குதல் இயலாது. 1996இல் ‘ஸ்லேயர்’ குழுவினர் அதன் முடிவை மாற்றிப் பாடியபோது, அது அவர் கருதாத பொருளைத் தந்தது. அறியாமையால் எழுந்த பிழையான பொருள்கோள் என்று மட்டும் இதனை ஒதுக்குதல் நேரிய ஆராய்ச்சி ஆகாது. பாடலும் அதற்கு இடந்தந்து நின்றது என்பதே நம் கருத்து.

முடிவுரை

குழுவின் இறுதி மேடையில், கறுப்பின மக்களின் ‘கோ-கோ’ இசையில் சிறந்த ‘டிரபிள் ஃபங்க்’ குழுவும் உடன் பாடியது. பாடல் சுருக்கிக் கூறியதை அம்மேடை ஓரளவு விரித்துக் காட்டியது எனலாம். பின்னர் மெக்கே ‘ஃபுகாசி’ குழுவில், எல்லா வயதினரும் குறைந்த கட்டணத்தில் நுழையும் நிகழ்ச்சிகளை நடத்தினார். 2014இல் வாசிங்டன் பொது நூலகம் அந்நகரத்துப் பங்க் இசைக்கென ஆவணத் தொகுதி ஒன்றைத் தொடங்கியது.

இவற்றால் பெறப்படுவன இரண்டு. சுருங்கச் சொல்லல் அழகாயினும், எழுவாயை மறைத்த சுருக்கம் பிறர் கையில் கட்டளையாதல் கூடும் என்பது ஒன்று. அரங்கின் வாயிலில் தடுக்கப்பட்ட இளைஞர், தம் கைப்பொருளாலும் கைத்தொழிலாலும் தமக்கெனக் களம் அமைத்துக்கொண்டனர் என்பது மற்றொன்று. விதி பற்றிய பூசல் தணிந்தாலும், கையால் மடித்து ஒட்டிய அவ்வுறைகள் அவர்தம் முயற்சிக்குச் சான்றாய் நிற்கும்.