பார்த்த மாதிரி

ஜப்பானிய மொழி கற்பவர்கள் எழுத்தைக் கண்டு மிரளுவார்கள், அது நியாயந்தான். ஆயிரக்கணக்கான சீனச் சித்திர எழுத்துக்களைக் கண்டு யார்தான் மிரளமாட்டார்கள்? ஆனால் இலக்கணத்தில் ஓர் இடத்துக்கு வந்தால், இங்கிலீஷ்காரன் தடுமாறுகிற அதே இடத்தில், தமிழன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுபோல் சௌகரியமாக உட்கார்ந்துவிடுவான். அந்த இடம் உவமை.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூர் என்றால் ஒரு காலத்தில் ஏரிதான் நினைவுக்கு வரும். இன்று சிட்கோ தொழிற்பேட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருவள்ளூரை அடுத்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998-ல் மித்சுபிஷி லான்சர் கார் தயாராகத் தொடங்கியது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் சங்கமான ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் சென்னையில் ஜப்பானிய வகுப்புகள் நடத்துகிறது. ஆகவே காக்களூர்ப் பட்டறையில் வேலை முடித்துவிட்டு, ரயிலேறிப் போய் ஜப்பானிய இலக்கணம் படிக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வது கடினமல்ல. அவர் இடைநிலைப் பாடத்துக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ‘யோ’ என்று ஒரு சொல் வருகிறது.

கனவு போலிருக்கிறது என்பதற்கும் ‘யோ’. மழை வரும் போலிருக்கிறது என்பதற்கும் ‘யோ’. அவரைப் போன்றவர், நான் சொன்னதுபோல — எல்லாவற்றுக்கும் அதுவே. முதலாவது உவமை, இரண்டாவது ஊகம், மூன்றாவது உதாரணம், நான்காவது ஒழுங்கு. இங்கிலீஷில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்களைத் தேடவேண்டும். நம் இளைஞருக்கோ ‘போல’ ஒன்றே போதும். வாத்தியார் விளக்குவதற்கு முன்பே அவர் தலையாட்டிவிடுவார்.

ஆனால் உவமையும் ஊகமும் ஒரே சொல்லில் குடியிருப்பதில் ஆபத்தும் உண்டு. ‘பேரிங் உடைந்தது போலிருக்கிறது’ என்றால் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். ‘அப்படியே பேரிங் உடைந்த மாதிரி ஒரு சத்தம்’ என்றால், உடையவில்லை, சத்தம்தான் அப்படி; எண்ணெய் போட்டால் போதும். ஜப்பானியர் இந்த இரண்டையும் பிரிக்க ‘மருதே’ என்ற சொல்லை முன்னால் வைப்பார்கள். ‘மரு’ என்றால் வட்டம், முழுமை. ‘முழுக்க முழுக்க’ என்பதே மருதேயின் பொருள். வேடிக்கையைப் பாருங்கள்: ‘முழுக்க அதேதான்’ என்று அழுத்திச் சொன்ன மாத்திரத்தில், அது உண்மையில் அதுவல்ல என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது! ‘அப்படியே அவங்க அப்பா மாதிரி’ என்று பாட்டிமார் சொல்லும்போது, அந்தப் பையன் அப்பாவே என்று யாராவது நினைக்கிறோமா?

‘யோ’ எங்கிருந்து வந்தது? உருவம், பாங்கு, தோற்றம் என்று பொருள்படும் சீனச் சொல் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீன நூல்களைப் படித்த பிக்குகளும் உத்தியோகஸ்தர்களும் உவமைக்குக் ‘கொதொஷி’ என்ற கனமான சொல்லைத்தான் பெரும்பாலும் எழுதினார்கள். அரண்மனைப் பெண்கள் — கெஞ்சிக் கதை எழுதிய முரசாகி சீமாட்டி, அவள் காலத்துச் செய் ஷோனகோன் முதலியோர் — பேச்சு நடையில் ‘யோ’வை எழுதினார்கள். பண்டிதர் சொல் ஏட்டிலும் பிரசங்கத்திலும் தங்கிவிட, பெண்களின் சொல் நாட்டை ஆண்டது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எங்கள் ஊர்ப் பாட்டிகளின் உவமைக்கு முன் எந்தப் பண்டிதர் நின்றிருக்கிறார்?

இன்னொரு சொல், இன்று ஜப்பானிய இளைஞர் வாயில் ஓயாமல் வரும் ‘மிதாய்’. இதன் பூர்விகம் ‘மித யோ’. ‘மித’ என்றால் பார்த்த. ‘யோ’ என்றால் மாதிரி. ‘கனவைப் பார்த்த மாதிரி’ என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்து, ‘பார்த்த மாதிரி’ என்பதே ‘போல’ ஆகிவிட்டது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் நத்சுமே சொசெகி நாவல் எழுதிய காலத்தில், இந்தத் தேய்மானம் பாதி வழியில் இருந்தது.

நம் பக்கமும் இதே கதைதான். தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காக்கி, ஒவ்வொன்றுக்கும் எட்டெட்டு உருபுகளை ஒதுக்கினார். ‘அன்ன’ வினைக்கு, ‘புரைய’ வடிவுக்கு, ‘போல’ நிறத்துக்கு. அந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு மூலையில் நின்ற ‘போல’, பிற்காலத்தில் மற்றவற்றையெல்லாம் செய்யுளுக்கு விரட்டிவிட்டுத் தனியரசு நடத்துகிறது. பேச்சில் அதற்கும் ஒரு போட்டி: ‘மாதிரி’. வார்ப்புப் பட்டறையில் முன்னால் வைத்துப் பார்த்துச் செய்யும் பொருளுக்குப் பெயர் மாதிரி. அதே சொல் ‘அவன் சொன்ன மாதிரி’ என்று இலக்கணத்துக்குள் நுழைந்துவிட்டது. சீனத்து ‘யோ’ ஜப்பானில் செய்ததும் இதையே.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டால் மனம் சும்மா இருக்குமா? பேராசிரியர் ஓனோ சுசுமுவின் (1919–2008) மனம் இருக்கவில்லை. 1974-ல் வெளிவந்த இவானமி பழஞ்சொல் அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவர். ஜப்பான் மதித்த அறிஞர். அறுபது வயதை ஒட்டித் தமிழுக்குள் இறங்கினார். சென்னையில் பொற்கோவும், யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ் தம்பதியரும் துணை நின்றார்கள். நூற்றுக்கணக்கான சொற்களைப் பொருத்தினார்; நம் பொங்கலையும் ஜப்பானின் ஜனவரி 15 ‘சிறு புத்தாண்டை’யும் அருகருகே வைத்தார்; நெல்லோடு தமிழும் கடல் கடந்தது என்றார். தமிழர்கள் கைதட்டினோம். ஜப்பானில் முரயாமா ஷிச்சிரோ 1982-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதி மறுத்தார். மொழியியலார் பெரும்பாலோர் இன்றும் ஏற்கவில்லை. சொற்கள் தற்செயலாகவும் ஒத்துப்போகும். வினையை வாக்கியக் கடைசியில் வைப்பது கொரியனிலும் துருக்கியிலும் மங்கோலியத்திலும் உண்டு என்பது அவர்கள் வாதம்.

ஓனோவின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் காக்களூர் இளைஞரைத் தலையாட்டவைத்த ஒற்றுமைக்கு ரத்த உறவு காரணமாக இருக்க முடியாது. ‘யோ’ சீனத்திலிருந்து கடன் வாங்கியது. ‘மிதாய்’ நேற்றுப் பிறந்தது. தமிழும் ஜப்பானியமும் ஒரு வயிற்றில் பிறந்திருந்தாலுங்கூட, பிரிந்து எத்தனையோ காலத்துக்குப் பின்னர் வந்த சொற்கள் இவை. தோற்றத்தைச் சொல்லும் ஒரு பெயரை எடுத்து, பெயருக்கும் பெயரெச்சத்துக்கும் பக்கத்தில் வைத்து, தேயும்வரை உபயோகித்தார்கள். அங்கேயும், இங்கேயும், ஒருவரை ஒருவர் அறியாமல். ஓனோ கண்டது ‘மருதே’ போட்டுச் சொல்லவேண்டிய ஒற்றுமை. அவர் அதைப் போடாமல் சொல்லிவிட்டார்.