முதல்ல வந்தது ஆர்?

"இந்த நாட்டுக்கு முதல்ல வந்தது ஆர்?" எண்டு சண்டை பிடிக்கிற ஆக்கள் அனேகமா 2,500 வருஷத்தைத் தாண்டுவதில்லை. களுத்துறை மாவட்டத்தில், புலத்சிங்களவுக்குக் கிட்ட இருக்கிற பாஹியன் குகை அந்தக் கணக்கை 48,000 வருஷத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே கிடைத்த எலும்பு அம்பு முனைகள் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. குரங்கையும் மரஅணிலையும் வேட்டையாடி, மழைக்காட்டுக்குள் வாழப் பழகிய மனிதர்கள். அவ்வளவு பழகினவர்கள் நேற்று வந்திறங்கியவர்களா இருப்பார்களா?

அதனால 48,000தான் முதல் வருகை என்று எடுக்க எனக்கு மனமில்லை. அடுப்புக் கரியை அளக்கிற ரேடியோ கார்பன் முறைக்கு ஓர் எல்லை இருக்கு. கார்பன்-14 ஏறத்தாழ 5,730 வருஷத்துக்கு ஒருக்கா பாதியாகும். 50,000 வருஷத்துக்கு அங்கால அளக்க மிச்சமே இராது. நம்மட விடை அளவுகோலின் நுனியில நிற்கிறது.

அவுஸ்திரேலியாவின் மட்ஜெட்பெபேயில் மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளந்து, 65,000 வருஷம் என்று 2017இல் சொன்னார்கள் (மறுக்கிறவர்களும் உண்டு). ஆபிரிக்காவிலிருந்து வெளிக்கிட்டவர்கள் தெற்காசியாவைத் தாண்டித்தானே அங்கே போயிருப்பார்கள்! புந்தலப் பக்கம் கிடைத்த கல்லாயுதங்களுக்கு சிரான் தெரணியகல 1,25,000 வருஷம் சொன்னார். மனித எலும்பு இல்லாததால, செய்தது ஆர் என்ற கேள்வி அப்படியே கிடக்கு.

கரையோரமாக வந்தவர்கள் என்றால் தடயம் தண்ணிக்குள்ள. அந்தக் காலத்தில் கடல் இப்பத்தையதை விடப் பல பத்து மீற்றர் கீழே; இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். களுதாவளை வெற்றிலைத் தோட்டத்து மணலை எவ்வளவு கிண்டினாலும் அவர்களின் அடுப்பு கிடைக்காது. அது கரைவலை இழுக்கிற இடத்துக்கும் அங்கால, கடலடியில கிடக்கலாம்.